பொய் சொன்ன காற்றுப்பை

அத்தியாயம் ஆறு

செத்தவர்களை ஆபீஸ் வராந்தாவில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் மேலும் தலை முதல் கால் வரை புத்தம் புது வெள்ளைத் துணி. கஞ்சி வாசனைகூடப் போகவில்லை. அப்படி ஒரு துணியைக் கண்ணால் பார்த்து எனக்கு இரண்டு வருஷமாகிறது.

"அண்ணே, இந்தத் தோட்டத்துல புதுத்துணி வேணும்னா செத்துத்தான் ஆவணும் போல. அதுவும் ஜப்பான்காரனா பொறந்து சாவணும்லா" என்று சந்தியாகு அண்ணனின் காதைக் கடித்தேன்.

"வாய மூடு தங்கராஜு. கடைசியில கெடக்குற மூணும் பொம்பளப் புள்ளைங்க. ஆஸ்பத்திரித் தாதிங்க."

மூடிக்கொண்டேன். என் வாய் இருக்கிறதே, அது எனக்கு முன்னால் பிறந்தது. சண்டைக்கு முன்னால் சிரம்பானில் லாரி ஓட்டினேன். லாரியை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். இப்போது சந்தியாகு அண்ணனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டு வாயை மட்டும் ஓட்டுகிறேன்.

அண்ணனுக்குத் தெமியாங்கில் வீடு. வெள்ளைக்காரன் காலத்திலேயே பெயர் போன துப்பறியும் ஆள். புதுத் துரைமார்கள் வந்ததும் வீட்டுக்கே வந்து கூட்டிப்போனார்கள். ஒரு வெள்ளைக் கோட்டும், சிவப்பு எழுத்துப் போட்ட கைப்பட்டையும் கொடுத்தார்கள். மாசம் கொஞ்சம் அரிசியும் உண்டு. அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்தால் ஜனங்கள் ஓரமாக ஒதுங்குவார்கள். அண்ணன் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே நடப்பார். யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

இந்தத் தோட்டத்துக்குப் பொறுப்பான கேப்டன் மொரிதா வெளியே வந்தான். ஜப்பான்காரனைக் கண்டால் குனிந்து வணங்க வேண்டும், நான் மறந்துவிட்டேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது. அப்புறம் நன்றாகவே குனிந்தேன்.

அவன் உடைந்த மலாயில் பேசினான். விஷயம் இதுதான்: நேற்றுச் சாயங்காலம் கொட்டுகிற மழையில் பயணிகள் பிளேன் ஒன்று இந்தக் கம்பிப்பாலத் தோட்டத்துப் பிளேன் பாடாங்கில் இறங்கப் பார்த்தது. ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து ஜப்பான்காரன் போட்ட நீளமான புல் திடல் அது. பிளேன் நிற்காமல் ஓடி மரங்களில் மோதிப்போயிற்று. ஒருவரும் பிழைக்கவில்லை. பாடாங்கைப் பார்த்துக்கொள்ளும் அர்ச்சுனன் என்பவன் காட்டில் ஒளிந்து சண்டை போடும் கொரில்லாப் படையோடு சேர்ந்து கவிழ்த்துவிட்டான். ஆள் பிடிபட்டாயிற்று.

"நாளைக்குக் காலையில் ஷோனானிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். அவர் முன்னால் அர்ச்சுனனை வெட்டுவேன். எப்படிக் கவிழ்த்தான் என்று மட்டும் நீ சொல்ல வேண்டும்" என்றான்.

ஷோனான் என்றால் நம்ம சிங்கப்பூர்தான். ஊரைப் பிடித்தவன் பெயரையும் பிடுங்கிக்கொண்டான்.

* * *

அர்ச்சுனனைப் புகை வீட்டுக்குப் பக்கத்து அறையில் அடைத்திருந்தார்கள். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காய வைக்கிற இடம், கண் எரிந்தது. இடுப்பில் ஒரு கோணியைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நாற்பது வயசு இருக்கும்.

"பாடாங்குல ஒனக்கு என்னப்பா வேல?" அண்ணன் கேட்டார்.

"புல்லு வெட்டுறது. அப்புறம் காத்துப்பையப் பாத்துக்குறதுங்க ஐயா."

காற்றுப்பை என்பது கம்பத்தின் உச்சியில் இரும்பு வளையத்தில் கட்டிய நீளமான வெள்ளைத் துணிக் குழாய். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் வளையம் சுழன்று பை நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே இருந்து அதைப் பார்த்துத்தான் பிளேன் ஓட்டுகிறவன் காற்றுக்கு எதிர்முகமாக இறக்குவான். அப்போதுதான் சீக்கிரம் நிற்கும்.

"நேத்து என்ன நடந்துச்சு?"

அர்ச்சுனன் சுவரை விட்டுத் திரும்பினான்.

"ஐயா, பொம்பளப் புள்ளைங்களும் செத்துட்டாங்களாமே. மெய்தானுங்களா?"

"மெய்தான்."

அர்ச்சுனன் கோணியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்பன்னா நாந்தான் தப்பு. நாளைக்கு வரைக்கும் எதுக்கு, இப்பவே வெட்டச் சொல்லுங்க. லயத்துப் பக்கம் மட்டும் போவாதீங்க ஐயா. கும்புடுறேன்."

வெளியே வந்ததும் அண்ணன் சைக்கிளைத் திருப்பினார்.

"எங்கண்ணே?"

"லயத்துக்கு."

"அவந்தான் போவாதீங்கன்னானே!"

"அதான் போறோம்."

* * *

பிளேன் பாடாங் வழியாகத்தான் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போக வேண்டும். புல்லில் இரண்டு சக்கரத் தடம் சேறாகப் பிளந்துகொண்டு ஓடியிருந்தது. மேற்குக் கோடிப் பக்கம் தொடங்கிக் கிழக்குக் கோடி வரைக்கும் வந்து, அதையும் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் போயிருந்தது. அதற்கு அப்பால் கிடந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

லயத்தில் ஆண்களே கண்ணில் படவில்லை. பாதிப் பேரைச் சயாம் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், மீதிப் பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். இரண்டு வரிசை வீடுகள், வாசலோடு வாசல் பார்த்தபடி. கோட்டுப் போட்ட ஆள் வருவதைப் பார்த்ததும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

"பாத்தியாண்ணே, நம்மள வரவேக்குற அழக? மாலையும் மேளமும்தான் கொற" என்றேன்.

"நம்மளப் பாத்துப் பயந்து மட்டும் சாத்தலடா" என்றார் அண்ணன் தாழ்ந்த குரலில். "வெளிய வந்து நிக்க அவங்களுக்குத் துணி இல்ல."

எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் போட்டிருந்தது சட்டை. அவர் போட்டிருந்தது கோட்டு.

அண்ணன் வாசலோரம் அடுக்கியிருந்த விறகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு வரிசை முழுக்கத் தொட்டு முடித்து, எதிர் வரிசையையும் தொட்டார்.

"என்னண்ணே, வெறகு வாங்கப் போறியா?"

"தொட்டுப் பாரு. மேக்கப் பாத்த வாசல் எல்லாத்துலயும் வெறகு சொதசொதன்னு இருக்கு. எதிர் வரிசையில பாரு, எலும்பாட்டம் காஞ்சு கெடக்கு. நேத்து மழ எங்கேருந்து அடிச்சிருக்கு?"

"மேக்கேருந்து. சுமத்ரா காத்து."

"பிளேன் எந்தப் பக்கம் பாத்து ஓடியிருக்கு?"

"கெழக்கால..." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. "அடப்பாவி! காத்த முதுகுல வாங்கிட்டு எறங்கியிருக்கான்! ஈரப் புல்லு வேற. எங்க நிக்கும்?"

"அதான் காரணம்."

"ஓட்டுனவன் குடிச்சிருந்தானா?"

"ரெண்டு தரம் வட்டம் போட்டுப் பாத்துட்டுத்தான் எறங்குனான்னு ஆபீஸ் காவக்காரன் சொன்னான். நல்லா ஓட்டத் தெரிஞ்சவன். கீழ எதையோ பாத்து நம்பிட்டான்."

லயத்தின் கடைசி வீட்டுப் பக்கத்தில் தென்னோலை எரித்த சாம்பல் கிடந்தது. மழையில் கரைந்து பாதிதான் மிச்சம். வாசல் நிலையில் வாடிய வேப்பிலைக் கொத்து. அண்ணன் அங்கே கொஞ்சம் நின்றார். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

* * *

கம்பத்தடிக்கு வந்தோம். மரத்து இலையெல்லாம் கிழக்கே பார்த்து அசைந்துகொண்டிருந்தது. என் சட்டை கிழக்கே படபடத்தது. மேலே காற்றுப்பை மட்டும் பிடிவாதமாக மேற்கே நீட்டிக்கொண்டு நின்றது.

"இதுக்கு வேல வாங்குற மண்டோர் புத்தி. என்ன சொன்னாலும் கேக்காது" என்றேன்.

"ஏறிப் பாரு."

எதையும் ஏறிப் பார்க்கிற வேலை எப்போதும் எனக்குத்தான். ஏணியில் ஏறினேன். கிட்டே போனதும் புளித்த ரப்பர் பால் வாசனை மூக்கில் ஏறியது.

"அண்ணே! இது துணியே இல்ல! கோணி! பால் பூசி, அது காஞ்சு வெறச்சுப்போயிருக்கு! மேல சுண்ணாம்பு அடிச்சிருக்கான்!"

"வளையம் சுத்துதா?"

தள்ளினேன். அசையவில்லை. கோணியில் இருந்து வழிந்த பால் வளையத்தையும் கம்பத்தையும் சேர்த்து ஒட்டிப்போட்டு உறைந்திருந்தது. கைக்கத்தியால் கிளறினால் ரப்பராக இழுத்தது.

இறங்கி வந்து உட்கார்ந்தேன். தோட்டத்து ஆட்களுக்கு எதற்கும் ஒரே வைத்தியம்தான். வாளி ஒழுகுகிறதா, பால் பூசு. செருப்பு கிழிந்ததா, பால் பூசு. கோணி மழையில் ஊறிக் கனத்துத் தொங்கிவிடுமே என்று நல்ல புத்தியோடுதான் அர்ச்சுனன் பூசியிருக்கிறான். தினமும் இந்தப் பக்கம் கிழக்கத்திக் காற்றுதான். பை சரியாகத்தான் காட்டுகிறது என்று நம்பியிருக்கிறான். நேற்று முதல் தடவையாகக் காற்று மாறி அடித்திருக்கிறது. பை பழைய பொய்யையே சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது.

"சரிண்ணே, கோணி வந்த கத புரியுது. அசல் துணி எங்க? பாசார்ல வித்துட்டானா?"

"வித்தவன் லயத்துக்குப் போவாதேன்னு ஏன் கும்புடுறான்?" அண்ணன் கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "பச்ச ஓல எரிச்ச சாம்பல். நெலையில வேப்பெல. யோசிச்சுப் பாருடா. எந்த விசேஷத்துக்கு ஓலக் குடிச கட்டிக் கொளுத்துவாங்க?"

"புள்ள வயசுக்கு வந்தா... குடிச கட்டுறவன் தாய்மாமன்."

"குடிச கட்டிட்டு வெறுங்கையோடயா நிப்பான்?"

சடங்குக்குத் தாய்மாமன் போட வேண்டிய சீர் புதுச்சேலை. அது இல்லாமல் அக்கா வீட்டு வாசலில் எந்த முகத்தோடு நிற்பான்? இந்தத் தோட்டம் முழுக்கத் தேடினாலும் புதுத்துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கம்பத்தின் உச்சியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

* * *

கடைசி வீட்டுக் கதவைத் தட்டவில்லை. வாசலுக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு அண்ணன் பேசினார்.

"தாயி, அர்ச்சுனன் ஒங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி." உள்ளேயிருந்து பெண் குரல். அவள் பெயர் தாயம்மா என்று பின்னால் தெரிந்தது.

"மகளுக்கு என்ன சீர் போட்டாப்ல?"

பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

"அந்தச் சீர யாராச்சும் பாத்தீங்களா?" அண்ணன் பொதுவாகக் கேட்டார்.

எதிர் வரிசையில் ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து கட்டைக் குரல் ஒன்று வந்தது. "ஏன்யா, எல்லாருந்தான் பாத்தோம். பாத்துட்டு எல்லாரும் சும்மா இருந்தோம். அந்தப் புள்ளையாச்சும் கட்டிக்கட்டும்னு இருந்தோம். இப்ப எங்க எல்லாரையும் வெட்டச் சொல்லப் போறியா?"

அண்ணனின் காது சிவந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தார். நானும் பின்னாலேயே போனேன்.

* * *

கம்பத்திலிருந்து கழற்றி வந்த கோணியைக் கேப்டன் மேஜையில் அண்ணன் வைத்தார். காற்று எந்தப் பக்கம், பிளேன் எந்தப் பக்கம், வளையம் எப்படி ஒட்டியது என்று எல்லாவற்றையும் மலாயில் சொன்னார். துணி எங்கே என்பதை மட்டும் சொல்லவில்லை.

"யார் மாற்றியது? அர்ச்சுனன்தானே?" கேப்டனின் கை வாள்பிடிக்குப் போனது.

"அதைச் சொல்லலாம், துவான். சொன்னால் இன்னொன்றும் சொல்ல வேண்டிவரும்." மலாயில் துரையைத் துவான் என்பார்கள்; அண்ணன் குனிந்தபடியே பேசினார். "தினமும் காலையில் துவான் கம்பத்தடியில் நின்று பார்வையிடுகிறீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஷோனானுக்கு டெலிபோனில் சொல்கிறீர்கள். இத்தனை நாளும் கோணியைப் பார்த்தா சரி என்று சொன்னீர்கள் என்று அதிகாரி கேட்பார்."

என் கழுத்தை நானே ஒரு தடவை தடவிக்கொண்டேன். ஒரே வெட்டில் இரண்டு தலை போகிற பேச்சு இது.

கேப்டனின் முகம் வெளுத்தது. அப்புறம் சிவந்தது. ஜன்னல் வழியாக வராந்தாவில் கிடந்தவர்களைப் பார்த்தான். ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் வெட்கம் என்று ஒன்று இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். திரும்பியதும் கோணியைக் கத்தியால் கிழித்துச் சிப்பாயிடம் எறிந்தான். எரிக்கச் சொன்னான்.

"காரணம் மழை. கெட்ட காற்று. அவ்வளவுதான்" என்றான். "ஆனால் அதிகாரி கம்பத்தைப் பார்ப்பார். நாளைக் காலையில் அசல் துணி கம்பத்தில் இருக்க வேண்டும். இருந்தால் அவன் தலை இருக்கும். இல்லாவிட்டால் அவன் தலையும் இருக்காது, உன் தலையும் இருக்காது."

வெளியே வந்ததும் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. "ஜெயிச்சிட்டண்ணே! ஆள் பொழச்சான்!"

அண்ணன் கால்வாய்க் கரையில் உட்கார்ந்துவிட்டார். "எதடா ஜெயிச்சேன்? தாய்மாமன் போட்ட சீர அந்தப் புள்ளகிட்டேருந்து உருவி வாங்கப் போறேன். இதுக்குப் பேரு துப்பறியுறதா?"

* * *

இருட்டுவதற்குள் திரும்பவும் அந்தக் கடைசி வீடு. அண்ணன் விஷயத்தைச் சொன்னார். கதவு ஒரு கை அகலம் திறந்தது. தாயம்மா கோணியைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டோம்.

"ஏன்யா, மாமன் போட்ட சீர எந்தச் சாதியிலயாச்சும் திருப்பிக் கேப்பாங்களா? அவ அப்பன் சயாமுக்குப் போயி சேதி இல்ல. சீரும் திரும்பிப் போச்சுன்னா எம்மவள நாள பின்ன எவன் மதிப்பான்?"

"தெரியும் தாயி."

"தெரிஞ்சுமா கேக்குற?"

"ஆமா தாயி."

தாயம்மா வாயில் கோணி நுனியைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. மகள் பாஞ்சாலை. "யம்மா, குடுத்துரும்மா. எனக்கு மாமா போதும்."

"நீ சும்மா இருடி!"

"நேத்திலேருந்து அதக் கட்டுறப்பெல்லாம் அந்தச் செத்த அக்காங்க நெனப்பாவே இருக்கும்மா. குடுத்துரு."

தாயம்மா உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். குழாயைப் பிரித்துச் சேலையாக்கியிருந்ததை மறுபடி குழாயாகத் தைக்க வேண்டும். நூல் ஏது? அன்னாசி இலையில் உரித்த நார்தான். தாயும் மகளும் உள்ளே உட்கார்ந்து தைத்தார்கள். நாங்கள் வெளியே உட்கார்ந்திருந்தோம். மஞ்சள் தடவிய மூலைகளை எவ்வளவோ தேய்த்துப் பார்த்தாள் தாயம்மா. சோப்பு இல்லாத காலத்தில் மஞ்சள் எங்கே போகும்?

கதவு இடுக்கு வழியாகத் துணி வந்தது. வாங்கிக்கொண்டு அண்ணன் தன் கோட்டைக் கழற்றி நீட்டினார்.

"இத வச்சுக்கங்க தாயி. வெட்டித் தச்சா புள்ளைக்கு ஆவும்."

"வேத்து ஆம்பள போட்டத வயசுக்கு வந்த புள்ள போடுறதா?" என்றாள் தாயம்மா. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "ஜப்பான்காரன் குடுத்தது வேற. நீயே போட்டுக்கய்யா."

கதவு சாத்தியது. அண்ணன் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மறுநாள் அதிகாரி முன்னால் நிற்க அது வேண்டும். போட்டுக்கொண்டார்.

* * *

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லோரையும் கம்பத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். ஷோனானிலிருந்து வந்த அதிகாரி குட்டையான ஆள், தடித்த கண்ணாடி. அர்ச்சுனனை அழைத்து வந்தார்கள். கோணியைச் சுற்றிக்கொண்டு, தோளில் அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினான். துணி யார் வீட்டிலிருந்து வந்தது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் மூலையைப் பார்த்துவிட்டான். வளையத்தில் முடிச்சுப் போட அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

காற்று வந்து உள்ளே புகுந்தது. துணி நீண்டு எழுந்தது.

அதிகாரி விரலை நீட்டி மஞ்சள் கறையைக் காட்டி ஏதோ கேட்டான். கேப்டன் அண்ணனைப் பார்த்தான்.

"இரும்புத் துரு, துவான். மழை பெய்தால் பிடிக்கும்" என்றார் அண்ணன்.

அதிகாரி தலையாட்டினான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். கோணியைச் சுற்றிக்கொண்ட ஆணும் பெண்ணும் ஒருவர் பாக்கியில்லாமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளையின் சடங்குச் சேலை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி மேலே ஆடிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஏதோ சொன்னான். கேப்டன் அதை மலாயில் எங்களுக்குச் சொன்னான்: இந்தத் தோட்டத்து ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள். சொல்லாமலே தலை குனிகிறார்கள். "பாகுஸ்! பாகுஸ்!" ரொம்ப நல்லது என்று அர்த்தம்.

அண்ணனும் குனிந்துதான் நின்றார். கோட்டு அணிந்த அந்த ஆளும் மரியாதைக்காரன்தான் என்று அதிகாரி நினைத்திருப்பான்.

கார் புறப்பட்டுப் போனது. கேப்டனும் ஆபீஸுக்குப் போய்விட்டான். அர்ச்சுனன் மட்டும் ஏணி உச்சியில் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை அதில் புதைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"எறங்குப்பா" என்றேன். "ஒண்ணும் பயமில்ல. அவனுங்க போயிட்டானுங்க."

"போவட்டும் அண்ணே. அப்புறம் எறங்குறேன்."

"அதான் போயிட்டானுங்கன்றேன்! ஜப்பான்காரன் ஒருத்தன்கூட இல்லப்பா."

"அவனுங்கள சொல்லலண்ணே" என்றான் அர்ச்சுனன், முகத்தைத் திருப்பாமலேயே. "நம்ம ஆளுங்க போவட்டும்."